பவுனுக்குத் தலை சுற்றுமாம்

பவுன் மயங்கி விழுந்த கதை தெரியாத தமிழ்க் குடும்பம் புனேவின் கோர்படியில் கிடையாது. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமும் தெரியும், அந்தப் பக்கமும் தெரியும். பரப்பியவன் வேறு யாருமில்லை, தாலி கட்டின கிட்டுதான். கல்யாண வீடு, காதுகுத்து, கம்பெனி கேன்டீன் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அவனுக்கு இந்தக் கதை ஞாபகம் வந்துவிடும். “எங்க வூட்டுப் பொம்பளைய ராட்டினத்துல ஏத்தினேன். ரெண்டாவது சுத்துல கண்ணு சொருகிச்சு. அவள கீழ எறக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே” என்று ஆரம்பித்து, பவுனின் கழுத்து எப்படிச் சாய்ந்தது என்பது வரைக்கும் நடித்துக் காட்டுவான். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வீட்டு விசேஷமென்றால் பவுன் அங்கேயேதான் காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருப்பாள்.

நடந்தது என்ன என்று அவளை ஒருத்தராவது கேட்டிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்?

தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஆடிக் கிருத்திகை அது. அரக்கோணம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் புனேவுக்கு வந்து பவுனுக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. காவடி எடுத்தவர்கள், கட்கியிலிருந்தும் தேஹு ரோட்டிலிருந்தும் வந்த உறவுக்காரர்கள், அவர்கள் கூட்டிக்கொண்டு வந்த சிநேகிதர்கள், அத்தனை பேருக்கும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. இருட்டோடு எழுந்து அடுப்பை மூட்டியவள், வடித்து, கொட்டி, தாளித்து, பந்தி பந்தியாகப் பரிமாறினாள். எல்லோரும் எழுந்த பிறகு தனக்கென்று ஓர் இலையை விரித்துச் சோறு போட்டுக்கொண்டு உட்காரப் போனாள். அந்த நேரம் பார்த்துக் கிட்டு வாசலில் வந்து நின்றான்.

“மைதானத்துல ராட்டினம் போட்டுக்கிறான். அல்லாரும் கெளம்பிட்டாங்க. வந்து துன்னுக்கலாம், வா.”

போட்ட சோற்றின்மேல் தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போனாள். காலையில் குடித்த அரை டம்ளர் காபியைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை. இருந்தும் ராட்டினம் மேலே போனபோது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ரயில் லைன், பட்டாளத்துக் குடியிருப்பின் ஓட்டுக் கூரைகள், தூரத்தில் பர்வதி மலை, எல்லாம் காலடியில் கிடந்தன. இன்னும் வேகமாகச் சுற்றமாட்டானா என்று நினைத்தாள். அடுத்த சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அது பசி மயக்கம். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற விஷயம்.

அவள் கண் விழித்தபோது, சுற்றி நின்ற கூட்டத்திடம் கிட்டு “பயந்துட்டா” என்று சொல்லி முடித்திருந்தான். “பயமில்ல, பசி” என்று அவளும் சொல்லத்தான் சொன்னாள். யார் காதில் விழுந்தது? ஊருக்கே சோறு போட்ட வீட்டில் பெண்டாட்டி பசியில் விழுந்தாள் என்று சொன்னால் வீட்டுக்காரனுக்கு நன்றாகவா இருக்கும்? பயந்து விழுந்தாள் என்றால் நன்றாக இருக்கிறது, சிரிக்கவும் தோதாக இருக்கிறது. ஊரும் அதையே எடுத்துக்கொண்டது.

சிரித்துவிட்டுப் போயிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். அந்த ஒரு பொய்யை வைத்து அவள் காலில் கட்டுப் போட்டார்களே, அதைத்தான் பவுனால் பொறுக்க முடியவில்லை. புனே எப்பேர்ப்பட்ட ஊர். முகத்தில் துப்பட்டாவை இறுகக் கட்டிக்கொண்டு காலேஜ் பெண்கள் வண்டியில் பறக்கிற ஊர். ஒன்பது கஜம் கட்டிய பாட்டிமார்கள் மொபெட்டில் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு மண்டை மார்க்கெட்டுக்குப் போய் வருகிற ஊர். பக்கத்து வீட்டு ஷபானா தன் மொபெட்டைக் கொடுத்து, ரயில்வே மைதானத்தில் பவுனுக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தாள். சீக்கிரமே பவுனுக்குக் கை வந்துவிட்டது. விஷயம் தெரிந்த அன்றைக்குக் கிட்டு ஷபானாவின் வீட்டுக்கே போய், “அவளுக்குத் தல சுத்தும். ரோட்டுல வுழுந்து வச்சான்னா யார் பாக்கறது?” என்று சொல்லி, அதோடு நிறுத்திவிட்டான்.

சிங்ககட் மலைக்குத் தெருப் பெண்களெல்லாம் வேன் பேசிக்கொண்டு போனார்கள். பவுன் போகவில்லை, தலை சுற்றுமாம். ரயிலில் மேல் பெர்த்து கிடைத்தால் கிட்டு அடுத்தவரிடம் கெஞ்சி இரண்டு பேருக்கும் கீழ் பெர்த்தாக மாற்றுவான், தலை சுற்றுமாம். ஸ்கூட்டரில் ஏறினால் கேட்கவே வேண்டாம். சைக்கிள்காரன் மணியடித்துவிட்டு முந்திக்கொண்டு போவான். “கொஞ்சம் முறுக்குங்களேன்” என்றால், “பின்னாடி நீ குந்திக்கினு இருக்கியே” என்பான். அவள் பேரைச் சொல்லித்தான் எல்லாமே மெதுவாக நடந்தது.

கன்டோன்மென்ட் ஓரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு ஆயா வேலை. அங்கே ஊஞ்சலில் வைத்து ஆட்டினால் பிள்ளைகள் விடாது, “ஆணகீ ஜோராத், ஆணகீ ஜோராத்” என்று மராட்டியில் கத்தும். இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக. பையன் என்ன, பெண் என்ன, எல்லாம் ஒரே கத்தல்தான். இந்தப் பெண் குழந்தைகளுக்கெல்லாம் எந்த வயதில், யார் வந்து தலை சுற்றும் என்று சொல்லப் போகிறார்களோ என்று பவுன் ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டே நினைத்துக்கொள்வாள். மனசு கசந்து போகும்.

இரண்டாயிரத்து நாலில், சோலாப்பூர் ரோட்டுக்கு அந்தாண்டை புதிதாக ஒரு தீம் பார்க் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ‘ஃபேமிலி கோஸ்டர்’ என்று ஒன்று. உயரத்துக்கு ஏறி, சரிந்து, வளைந்து வளைந்து ஓடுகிற ரயில் வண்டி. அதற்கான இரும்புத் தண்டவாளத்தை வளைத்து வெல்டு வைக்கிற வேலை பிம்ப்ரியில் கிட்டு வேலை பார்த்த கம்பெனிக்குக் கிடைத்தது. பல மாதம் அதே பேச்சுதான் வீட்டில். வேலையில் கிட்டு கெட்டிக்காரன், அதில் பவுனுக்குப் பெருமைதான்.

ஒரு நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான்.

“பவுனு, இன்னிக்கு உன்னாலதான் ஒரு பெரிய முடிவே ஆச்சு.”

“என்னாலயா? நான் இன்னா பண்ணேன்?”

அவன் சொன்னது இது. வண்டி முதல் ஏற்றம் ஏறி, சரிவில் பாயப் போகிற இடத்தில் வேகத்தைக் குறைக்க ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். அதை இறுக்கினால் வண்டி தவழும், விட்டால் பறக்கும். பார்க் முதலாளியின் மகன், இப்படித் தவழ்ந்தால் ஜனங்கள் பொம்மை ரயில் என்று சிரிப்பார்கள், பிரேக்கை விடுங்கள் என்கிறானாம். பார்க்கின் என்ஜினியர் பட்டாபிராமனுக்கு முடிவெடுக்க முடியவில்லை. நம் ஊர்க்காரர்தானே என்று கிட்டு அவரிடம் போய்ப் பேசியிருக்கிறான்.

“சார், ஃபேமிலி கோஸ்டர்னா பொம்பளைங்க குந்தறது. எங்க வூட்டுக்காரி சாதா ராட்டினத்துலயே மயங்கி வுழுந்தவன்னு சொன்னேன். அப்படியே யோசன பண்ணார். சரிதாம்ப்பான்னு பிரேக்க இறுக்கச் சொல்லிட்டார். உன் பேரக்கூடச் சொன்னேன்.”

பவுன் ரசக் கரண்டியைச் சட்டியில் போட்டாள். ஊரில் உறவில் கேலி பேசியது போதாதென்று, கல்லும் இரும்புமாக நிரந்தரமாக நிற்கப் போகிற ஒன்றில் அவளைச் சாட்சியாக நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். இனி அந்தப் பார்க்குக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணும் பவுனுக்குத் தலை சுற்றும் என்பதற்காகத் தவழ்ந்துகொண்டு போவாள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“என்னைக் கேட்டீங்களா?”

“உன்னக் கேக்கறதுக்கு இன்னா கீது? எனக்குத் தெரியாதா?”

“அன்னிக்கு எனக்குப் பசி. பயமில்ல.”

“அதெல்லாம் பழைய கத, வுடு.”

“பழைய கதைய நாள் தவறாம சொல்லிக்கினு இருக்கறது யாரு?”

கிட்டு மோரை ஊற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டு முடித்தான். பவுன் அவனோடு அப்புறம் பேசவில்லை. பேசி என்ன ஆகப் போகிறது? சுவரில் முட்டிக்கொள்கிற மாதிரிதான். இந்த முறை மட்டும் விடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். அந்த வண்டி எப்படி ஓட வேண்டும் என்று அவள் வாயால் அவள் சொல்ல வேண்டும், சொன்னது அந்த என்ஜினியரின் காதில் விழ வேண்டும்.

கிட்டுவின் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேலை எதுவானாலும், ஒப்படைப்பதற்கு முன்னால் எந்திரத்துக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். செய்தவர்களின் குடும்பம்தான் முதலில் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதன்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பஸ்ஸில் எல்லாக் குடும்பங்களையும் பார்க்குக்குக் கூட்டிப் போனார்கள். ஷபானாவின் வீட்டுக்காரர் காசிமும் அதே கம்பெனிதான் என்பதால் அவளும் வந்திருந்தாள். பெண்கள் டிபன் டப்பாக்களோடு ஷாமியானாவுக்கடியில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

பிரேக் இறுக்கிய வண்டியில் முதலில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். பவுன் மகள் அம்முவோடு உட்கார்ந்தாள். கிட்டு ஏறவில்லை, பைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வண்டி கடகடவென்று மேலே ஏறியது. உச்சியில் பவுனுக்கு நெஞ்சு குதித்தது. இதோ, இதோ என்று நினைக்கும்போதே பிரேக் வந்து இழுத்துப் பிடித்துக்கொண்டது. வண்டி முனகிக்கொண்டே சரிவில் நடந்து இறங்கியது.

“அம்மா, இது சிக்ஸ் சீட்டர் ஆட்டோவவிட ஸ்லோ. மஜாவே நஹி” என்றாள் அம்மு. பன்னிரண்டு வயதுப் பெண். அவளுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

தேங்காய், பேடா எல்லாம் கொடுத்து முடித்ததும் பட்டாபிராமன் ஆண்களைக் கூப்பிட்டுச் சுற்றி நிறுத்திக்கொண்டார். ஹிந்தியிலும் தமிழிலுமாகப் பேசினார். “இன்னைக்கே முடிவு பண்ணியாகணும். பிரேக் இறுக்கினாலும் சரி, விட்டாலும் சரி, ரெண்டுமே பத்திரம்தான். மணல் மூட்டை வச்சு ஓட்டிப் பார்த்தாச்சு. குடும்பத்தோட வர்றவாளுக்கு எது பிடிக்கும்? அதான் கேள்வி. உங்க வீட்டு லேடீஸ் என்ன சொல்லுவா?”

உங்கள் வீட்டு லேடீஸ் என்ன சொல்லுவார்களாம். லேடீஸ் கூப்பிடு தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் வாய் இருக்கிறது. ஒரு மனுஷன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். மெதுவாக இருந்தால்தான் என் வீட்டுக்காரி ஏறுவாள் என்றான் ஒருத்தன். பெண்களுக்கு வேகம் ஆகாது என்றான் இன்னொருத்தன். கிட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், நான்தான் அன்னிக்கே சொன்னேனே, ராட்டினத்துல எங்க வூட்டுக்காரி” என்று கையை மேலே தூக்கினான்.

பவுன் எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“சார், அந்தப் பவுன் நான்தான். அன்னிக்குக் காலையிலேர்ந்து இவங்க வூட்டு விருந்தாளிங்க அத்தன பேருக்கும் வடிச்சுக் கொட்டினேன். எனக்குன்னு போட்ட சோத்தத் துன்ன வுடாம இழுத்துக்கினு போனாங்க. பசியில வுழுந்தேன். பயத்துல வுழுல. நான் வுழுந்தேன்னு இந்த வண்டியக் கட்டிப் போட்டுக்கிறீங்களே, என்னைக் கேட்டீங்களா? அதோ குந்திக்கிறாங்களே, அவங்கள யாரையாச்சும் கேட்டீங்களா?”

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று கிட்டுவுக்குத் தெரியவில்லை. பட்டாபிராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிரேக்க வுட்டு ஒரு தபா ஓட்டுங்க சார். நான் குந்தறேன்” என்றாள் பவுன்.

“நானும்” என்று ஷாமியானாவிலிருந்து ஷபானா எழுந்தாள். அம்மு அதற்கு முன்னாலேயே ஓடிப்போய் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டாபிராமன் ஆப்பரேட்டரிடம் சொல்லிப் பிரேக்கை விடச் சொன்னார். பவுனின் மடிமேல் கம்பியை இறக்கி, தானே இழுத்துப் பார்த்துச் சரி என்றார். “கிட்டு, நீயும் ஏறேன்ப்பா. உன் கைவேலைதானே?”

“இல்ல சார். எறங்கறப்ப இவ மயங்கினா புடிக்க ஆள் வோணும்ல.”

இவ்வளவு சொன்ன பிறகுமா என்று பவுனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவனைத் திரும்பிப் பார்த்தாள். காலை வெயில் அப்படி ஒன்றும் சுடவில்லை. ஆனால் அவன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வண்டி நகர்ந்துவிட்டது.

மேலே ஏறும்போது அவளுக்கு அந்தப் பழைய ராட்டினம் கண்முன் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பியை இப்படித்தான் பிடித்திருந்தான். கிருத்திகை நாளாயிற்றே, முருகனை நினைத்துக்கொள்கிறான் என்றுதான் அன்றைக்கு அவள் நினைத்தாள். சைக்கிளுக்குப் பின்னால் போகிற ஸ்கூட்டர், கெஞ்சி வாங்கிய கீழ் பெர்த்து, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அடப் பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்புறம் நினைக்க நேரமில்லை. வண்டி உச்சியிலிருந்து பாய்ந்தது. வயிறு தொண்டைக்கு வந்தது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, கொண்டை அவிழ்ந்து பின்னால் இருந்த ஷபானாவின் முகத்தில் அடித்தது. ஷபானா அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே சிரித்தாள். அம்மு போட்ட சத்தம் நெடுஞ்சாலைக்கே கேட்டிருக்கும். பவுன் சிரித்தாள், கத்தினாள், வளைவில் அம்முமேல் சாய்ந்து மறுபடி சிரித்தாள். முப்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக அவளை யாரும் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

வண்டி வந்து நின்றதும் பட்டாபிராமன் ஓடி வந்தார். வந்தவர் நேராகக் கிட்டுவிடம் போய், “என்னப்பா, உங்க வீட்ல என்ன சொல்றா? ஓகேயா?” என்றார்.

பவுன் கண்ணெதிரே நிற்கிறாள். அவிழ்ந்த தலைமுடியோடு, மூச்சு வாங்க நிற்கிறாள். அவளைப் பற்றி அவனிடம் கேட்கிறார். கிட்டுவும் பதில் சொன்னான், “அவ நல்லாருக்குன்னுதான் சார் சொல்லுவா. உள்ளுக்குள்ள பயந்திருப்பா.”

பவுன் அவனைத் தூணுக்கு அந்தப் பக்கமாகக் கூட்டிப் போனாள். கத்தவில்லை. அவளுக்கு இருந்த கோபத்துக்குக் கத்தல் போதாது.

“உங்களுக்குத்தான பயம்?”

கிட்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வெல்டு வைத்த தண்டவாளம்.

“சொல்லுங்க. உங்களுக்குத்தான?”

“ஒயரம்னாலும் வேகம்னாலும் எனக்கு ஆவாது பவுனு. சின்ன வயசுலேர்ந்தே. அன்னிக்கு நீ மயங்கலன்னா நானே மயங்கியிருப்பேன்.”

“அதுக்கு எம்பேர்ல எழுதிட்டீங்க.”

“ஆம்பள போய் எனக்குப் பயம்னு வெளிய எப்படிச் சொல்றது?”

“பயமே இல்லாதவ இத்தன வருசமா அதக் கேட்டுக்கினு நின்னனே, அது மட்டும் எப்படி?” என்றாள் பவுன். “பயப்படறது தப்பில்ல. எம்மேல தூக்கிப் போட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு. இப்பப் போயி அவர்கிட்ட சொல்லுங்க. அல்லார் எதிருலயும் சொல்லுங்க. இல்லன்னா இந்த பஸ்ஸுல நான் உங்ககூட ஏறமாட்டேன்.”

சொன்னபடி செய்கிறவள் என்பது அவனுக்குத் தெரியும். துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, ஆண்கள் நின்ற இடத்துக்குப் போனான். பவுன் பின்னாலேயே போனாள்.

“சார், அவளுக்குப் பயம் கிடையாது. எனக்குத்தான் சார் பயம். பிரேக்க இறுக்கச் சொன்னது எனக்காவ.”

பட்டாபிராமன் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். காசிமும் மற்ற ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். வருஷக்கணக்கில் கதை சொல்லிச் சிரிக்க வைத்த வாயல்லவா? கிட்டுவின் காது மடல் சிவந்தது. திரும்பிப் பவுனைப் பார்த்தான். அவள் நகரவில்லை. அவன் மறுபடியும், இந்தத் தடவை ஹிந்தியில், ஷாமியானாவரைக்கும் கேட்கிற மாதிரி, எனக்குத்தான் பயம், என் பெண்டாட்டிக்கு இல்லை என்றான். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பட்டாபிராமன் ஆண்களை விட்டுவிட்டு ஷாமியானாவுக்குப் போய், பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார். வேகம் வேண்டும் என்றவர்கள்தான் அதிகம். மெதுவாகவே இருக்கட்டும் என்று சொன்னவர்களும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், அவர்களும் தங்கள் வாயால் சொன்னார்கள். பவுனின் முறை வந்ததும், “நீங்க சொல்லுங்கோம்மா” என்றார்.

“பிரேக்க வுட்டுடுங்க சார். பயப்படறவங்க கீழ நிக்கட்டும்” என்றாள் பவுன், கொண்டையை முடிந்துகொண்டே. கிட்டு கேட்டுக்கொண்டு நின்றான்.